தி ஹங்கர் கேம்ஸ்: தானியத்துக்கு ஈடாக ஒரு சீட்டு

சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ (2008) நாவலை, 24 சிறுவர் சிறுமியர் ஒருவரையொருவர் கொல்லும் கதை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். 27 அத்தியாயங்களில் பத்தாவது முடியும்போதுதான் அவர்கள் களத்தில் கால் வைக்கிறார்கள். என்னைக் கேட்டால், நாவலின் உயிர் முதல் அத்தியாயத்தில் வரும் சீட்டுக் கணக்கில் இருக்கிறது.

கதை நடக்கும் பனேம் நாட்டில் 12 வயதானால், போட்டியாளரைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் ஒரு சீட்டு. ஆண்டுக்கு ஒன்று கூடி, 18 வயதில் ஏழு. வீட்டில் பசி என்றால் கூடுதலாகப் பெயர் கொடுக்கலாம். ஒரு சீட்டுக்கு, ஒருவருக்கு ஓராண்டு அரைவயிறு நிரம்பும் அளவு தானியமும் எண்ணெயும் கிடைக்கும். கொடுத்த சீட்டு அடுத்த ஆண்டும் நீங்காது. கதாநாயகி காட்னிஸ் தனக்கும் அம்மாவுக்கும் தங்கை பிரிம்முக்குமாக மூன்று கூடுதல் வாங்குகிறாள். ஆண்டுக்கு நான்கு, 16 வயதில் 20. ஐந்து பேர் வயிற்றைப் பார்க்கும் அவள் நண்பன் கேலுக்கு 18 வயதில் 42. காட்னிஸின் வயதே ஆன மேயர் மகளுக்கோ ஐந்துக்கு மேல் போக வழியில்லை. கேல் அவள்மேல் எரிந்து விழுகிறான். இல்லாதவன் கோபம் பக்கத்து வீட்டோடு நின்றுவிட வேண்டும் என்பதுதான் தலைநகரத்தின் ஏற்பாடு. இத்தனைக்கும் நடுவே பிரிம்முக்கு ஒரே ஒரு சீட்டு. அவள் பெயர் வாசிக்கப்படும்போது நமக்கும் அடிவயிறு கலங்குவது இந்தக் கணக்கு தெரிந்ததால்தான்.

களத்திலும் காலின்ஸ் இதே கறாரோடு எழுதுகிறார். காட்னிஸுக்குக் கிடைக்கும் பையில் அயோடின் உண்டு, பாட்டில் உண்டு, தண்ணீர் இல்லை. தாகத்தில் துவளும்போதும் பயிற்சியாளர் ஹேமிட்ச் எதுவும் அனுப்பவில்லை. அப்படியானால் தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவள் ஊகிக்கிறாள். கண்டுபிடித்த பிறகும் அயோடின் விட்டு அரைமணி நேரம் காத்திருந்தே குடிக்கிறாள். பின்னால், தன் ஊரிலிருந்தே வந்த சக போட்டியாளன் பீட்டாவுக்கு ஒரு முத்தம் கொடுத்ததும் ஒரு பானை சூப் வந்து இறங்குகிறது. பார்வையாளர்களிடம் எது விலைபோகும் என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது.

எல்லாம் அவள் வாயால், நிகழ்காலத்தில் சொல்லப்படுவதால் இந்த ஊகங்கள் நம்முடையவையும் ஆகின்றன. 2012இல் வந்த படம் போட்டியை நடத்துபவர்களின் கட்டுப்பாட்டு அறையைக் காட்டி இதைக் கெடுத்துக்கொண்டது. நூலை முதலில் படியுங்கள்.

சறுக்கலும் இருக்கிறது. இறுதியில் வரும் ஓநாய் உருவங்களுக்கு இறந்த போட்டியாளர்களின் கண்கள் எப்படி வந்தன என்பதற்கு விடையே இல்லை. மற்றபடி அளந்து அளந்து எழுதிய நூலில் இது துருத்திக்கொண்டு நிற்கிறது. நடுவில் போட்டியின் விதி மாறும் இடமும் கதையை நகர்த்துவதற்காகவே வைத்ததுபோலத் தெரிகிறது.

ஆங்கில வாக்கியங்கள் குட்டையானவை. பத்தாம் வகுப்பு மாணவர் அகராதி இல்லாமலே படித்துவிடலாம். சிறுமிப் போட்டியாளர் ரூவின் மரணமும் கடைசி இரவும் கொடூரமானவை என்பதால் 12 வயதுக்குக் கீழே வேண்டாம். அடுத்த பாகங்கள் 2009, 2010இல் வந்தவை. ஹேமிட்சின் இளமையைச் சொல்லும் 2025 முன்கதையை இரண்டாம் பாகத்துக்கு முன் எடுக்காதீர்கள். அவர் தன் காலத்துப் போட்டியில் வென்ற விதம் இரண்டாம் பாகத்தில்தான் முதலில் அவிழ வேண்டும்.