பெரியாக்களுக்கான வயலின் வகுப்பு, கல்லடி: ஆறு மாசம் போய்ப் பாத்த பிறகு

எங்கட மட்டக்களப்புக்குப் பௌர்ணமிக்கு மீன் பாடுற ஊர் எண்டு பேர், ஆனா நான் 47 வயசு வரைக்கும் ஒரு சரிகமப பாடினதில்ல. கல்லடியில ஒரு வீட்டு விறாந்தையில சனிக்கிழமை பின்னேரம் நடக்கிற இந்த வகுப்புக்கு இப்ப ஆறு மாசமாப் போறன், கேக்கிற ஆக்களுக்கு ஒவ்வொருத்தருக்காச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இங்க எழுதுறன்.

இதுக்கு முதல் வேறொரு இடத்துல சேர்ந்து இடையில விட்டநான். அங்க எட்டு வயசுப் புள்ளையளோட இருத்திட்டாங்க, அதுகள் கெதியா அடுத்த பாடமான ஜண்டை வரிசைக்குப் போயிட்டுதுகள், நான் முதல் பாடம் சரளியிலயே நிக்கிறன், ஒரு சின்னவன் திரும்பி "அங்கிள் பிழையா வாசிக்கிறீங்க" எண்டான். பிழைதான், என்ன செய்யிற.

இங்க எல்லாரும் நாப்பது தாண்டின ஆக்கள். பேங்க்ல பென்ஷன் எடுத்த ஒரு அக்கா இரிக்கிறா, மிருதங்கத்துக்கு ஒரு அண்ணன். அவர் வந்தவுடன ரவையத் தண்ணி விட்டுக் குழைச்சு தொப்பிப் பக்கத்துல, அதான் இடப்பக்கத் தோலுல, அப்பித் தட்டிப் பாப்பார், கூடிட்டா சத்தம் இறங்கிரும், சுரண்டி எடுத்துட்டுத் திரும்ப அப்புவார், அதப் பாத்துக்கிட்டு இருந்தாலே நேரம் போறது தெரியாது.

வயலின்ல கிட்டார் மாதிரிக் கட்டை ஒண்டும் இல்ல, விரல் ஒரு நூல் தள்ளினா சுரம் போயிரும். வீட்டுல சுருதிக்குப் போன்ல தம்புரா ஆப் போட்டு வாசிக்கக்குள்ள எல்லாம் சரி மாதிரித்தான் இரிக்கும், இங்க வந்து ஆறு பேரோட மாயாமாளவகௌளை ராகத்துல இழுக்கக்குள்ளதான் என்ட ரிஷபம், அதான் ‘ரி’, எவ்வளவு மேல நிக்குதெண்டு காதுல குத்தும். அதோட நான் தாளத்துக்கு முந்தி ஓடுற ஆள். ஒருநாள் அக்கா வில்ல நிப்பாட்டிட்டு "எங்க தம்பி ஓடுறயள், எங்களையும் கூட்டிட்டுப் போங்ககா" எண்டா. சொல்லித்தாற சேர் என்னை விட வயசு குறைஞ்சவர், ஏசல்ல, வயலினைக் கீழ வைச்சிட்டுத் தாளம் மட்டும் போடுங்கண்ணன் எண்டார். ஆதி தாளம், நாலு எண்ணுற ஒரு லகு, ரெண்டு ரெண்டா எண்ணுற ரெண்டு துருதம், மொத்தம் எட்டு அட்சரம், அரை மணித்தியாலம் தொடையில தட்டினநான், சரியான கடுப்பு. மறுகா வில்ல எடுத்து இழுத்தா எல்லாரும் ஒண்டா சமத்துல, தாளம் தொடங்குற இடத்துல, வந்து விழுந்தம்! மிருதங்க அண்ணன் தலையாட்டிச் சிரிச்சார், இன்னொருக்கா இன்னொருக்கா எண்டு நாங்களே கேட்டு வாசிச்சம், கரண்ட் போயும் நிப்பாட்டல்ல.

குறையும் இரிக்கு. புழுக்கத்துல தந்தி முறுக்கிற பிரடை இறுகிப்போய் சுருதி சேக்கவே இருபது நிமிஷம் போயிரும். சப்பாணி கட்டி இருந்து எழும்பக்குள்ள முழங்கால் தனியா ஒரு ராகம் பாடும். வட இலங்கை சங்கீத சபைச் சோதனை எடுக்கிற எண்ணத்துல வாறவங்களுக்கு இது சரிவராது, அவ்வளவு வேகமில்ல. வயலினும் சொந்தமா இரிக்க வேணும். வகுப்புக் காசு மாசம் 2,500 ரூபா, எனக்கு அது பெரிசாத் தெரியல்ல.

வாற ஆக்கள் நாலு மணிக்கு முன்ன வாங்க, நுளம்புத்திரி ஒண்டு கொண்டு வாங்க, என்டது முடிஞ்சிட்டு.