கிரீஸ் ட்ராப் என்று வெறும் பெட்டியை விற்கிறார்கள்: எங்களுக்குப் போனது 86,500 ரூபாய்

ஹோட்டல், மெஸ், கேட்டரிங் கிச்சன் நடத்துகிறவர்கள் யாராவது கிரீஸ் ட்ராப், அதாவது சிங்க் தண்ணீரில் வருகிற கொழுப்பைப் பிடித்து வைக்கிற பெட்டி, வாங்கும் யோசனையில் இருந்தால், பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு 86,500 ரூபாய் போய்விட்டது. பெட்டிக்கு 58,500, ஒரு வருடப் பராமரிப்புக்கு 28,000. கிச்சன் தரையை எத்தனை தடவை கழுவியும் அந்த நாற்றம் இன்னும் போகவில்லை. அந்த ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன்.

சென்னையில் போரூர் பக்கம் சின்னக் கடை. நானும் என் மனைவியும் நடத்துகிறோம். மதியம் பிரியாணி, சாப்பாடு. சாயங்காலம் பரோட்டா, கொத்து, சால்னா. பரோட்டாக் கடை சிங்க்கில் என்னவெல்லாம் போகும் என்று தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய், டால்டா, சால்னாவில் மிதக்கிற கொழுப்பு, அண்டா கழுவின தண்ணீர் எல்லாம் அதில்தான் இறங்கும். கட்டட ஓனர், கிரீஸ் ட்ராப் வைக்காமல் பாதாள சாக்கடை லைனில் தண்ணீர் விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நியாயமான பேச்சு, அதில் எங்களுக்கு மறுப்பே இல்லை.

ஹோட்டல் மெஷின்களும் சாமான்களும் மொத்தமாக விற்கிற ஆன்லைன் தளம் ஒன்றில் தேடினோம். புகார் போய்க்கொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. நம்பரைக் கொடுத்த கொஞ்ச நேரத்திலேயே வரிசையாகப் போன் வந்தது. அதில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்’ என்று முத்திரை இருந்தது. அவர்தான் மறுநாளே நேரில் வந்தார்.

அவர் வந்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நம்ப வைத்தது அதுதான். டேப்பை எடுத்து சிங்க்கை அளந்தார். தரையில் உட்கார்ந்து பைப் போகிற வழியைப் பார்த்தார். எங்கள் ஆர்டர் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, தண்ணீர் எப்படி வரும், கொழுப்பு எங்கே நிற்கும் என்று படம் போட்டுக் காட்டினார். தன் மாமாவும் மெஸ் வைத்திருந்தவர், இந்தக் கஷ்டமெல்லாம் தனக்குத் தெரியும் என்றார். என் மனைவியை அக்கா, அக்கா என்றுதான் கூப்பிட்டார். பெட்டி வந்த அன்று சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து ஸ்டீலில் வைத்தார். "ஒட்டுதா பாருங்கண்ணே. ஒட்டல இல்ல? ஒரிஜினல் 304. பத்து வருஷத்துக்கு இதைத் திரும்பிப் பாக்க வேண்டாம்." இப்படிக் கண்ணெதிரே சோதித்துக் காட்டுகிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? அங்கேயே நின்று மீதிப் பணத்தை யுபிஐயில் அனுப்பினேன்.

அந்தக் காந்தச் சோதனைக்கு அர்த்தமே கிடையாது. 202 என்கிற மலிவான ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. 304 என்கிற உயர்தர ஸ்டீலில் நிக்கல் எட்டு சதவீதத்துக்கு மேல் இருக்கும். 202இல் அதைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். உப்பும் புளியும் எண்ணெயும் கலந்த தண்ணீரில் அது சீக்கிரம் துருப்பிடித்துவிடும். ஸ்டீல் வியாபாரம் செய்கிற நண்பர் ஒருவர் சோதனைத் திரவம் கொண்டுவந்து பெட்டியின் மூலையில் ஒரு சொட்டு விட்டார். நிறம் சிவப்பாக மாறியது. 202 என்று உறுதியாகிவிட்டது. மூடியின் அடிப்பக்கம் அதற்குள்ளேயே பழுப்பேறிக் கிடந்தது. 304 விலை கொடுத்தது நாங்கள்.

ஸ்டீல்கூடப் போகட்டும். உள்ளே இருந்த வேலைதான் வயிற்றெரிச்சல்.

கிரீஸ் ட்ராப் செய்கிற வேலை ஒன்றுதான். சிங்க் தண்ணீரைக் கொஞ்ச நேரம் வேகம் குறைத்து நிற்க வைக்கிறது. அப்போது கொழுப்பு மேலே மிதக்கும், சோறும் பருப்பும் அடியில் தங்கும், நடுவில் இருக்கிற தண்ணீர் மட்டும் வெளியே போகும். அதற்காக வெளியேறும் பக்கத்துத் தடுப்புத் தகட்டுக்கு அடியில்தான் வழி விட வேண்டும். மிதக்கிற கொழுப்பு அந்தப் பக்கம் தாண்டக்கூடாது. எங்கள் பெட்டியில் அந்தத் தகட்டை அடியோடு ஒட்டி வெல்டிங் செய்து, மேலே இடைவெளி விட்டிருக்கிறார்கள். அதாவது எதைப் பிடித்து வைக்க வேண்டுமோ அது வழிந்து போகத்தான் வழி செய்திருக்கிறார்கள். தாளில் எனக்குச் சரியாகப் படம் போட்டுக் காட்டிய அதே மனிதர் விற்ற பெட்டி இது! வேலை தெரியாமல் செய்தது என்று நான் நம்பவில்லை.

அளவும் ஏமாற்று. எங்களிடம் இரண்டு தொட்டி சிங்க். ஒவ்வொன்றும் 60க்கு 60, ஆழம் 40 சென்டிமீட்டர். ஒரு தொட்டிக்கு 144 லிட்டர், இரண்டுக்கும் சேர்த்து 288. பாத்திரம் இருக்கிற இடத்தைக் கழித்து முக்கால் பங்கு என்று வைத்தால் 216 லிட்டர். அது இரண்டு நிமிடத்தில் வடிகிறது என்றால் நிமிடத்துக்கு 108 லிட்டர் தண்ணீரைத் தாங்குகிற ட்ராப் வேண்டும். அவர் மாட்டிவிட்டுப் போன பெட்டியின் மொத்தக் கொள்ளளவே 50 லிட்டர். அரை நிமிடம்கூடத் தண்ணீர் உள்ளே நிற்காது. வருகிற தண்ணீரின் வேகத்தைக் குறைக்கிற சாதனம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் பிடிஐ ஜி101 என்று ஒரு தர அளவு இருக்கிறது. அதன்படி நிமிடத்துக்கு 20 காலன், அதாவது ஏறக்குறைய 75 லிட்டர் வாங்குகிற ட்ராப், 40 பவுண்டு கொழுப்பையாவது பிடித்து வைக்க வேண்டும். நம் கணக்கில் 18 கிலோ. எங்கள் பெட்டியில் 18 கிராம் நின்றிருக்குமா என்பதே சந்தேகம்.

இதற்கு மேல் அந்த 28,000 ரூபாய் பராமரிப்பு. மாதா மாதம் ஒரு பையன் வருவான். மூடியைத் திறப்பான், மஞ்சளாக ஒரு திரவத்தை ஊற்றுவான், போட்டோ எடுப்பான், அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவான். "என்சைம் சார், கொழுப்பையே தின்னுடும், அள்ளவே வேண்டாம்" என்பான். ஒருமுறை விற்றவரே வந்து மூடியைத் திறந்து காட்டினார். "பாருங்கண்ணே, எவ்வளவு க்ளீனா இருக்கு." உண்மையிலேயே சுத்தமாக இருந்தது. எங்களுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. பாத்திரம் கழுவுகிற அக்கா மட்டும், "இத்தனை பரோட்டா போடுற கடையில இதுல ஒண்ணுமே சேரலையே தம்பி, எல்லாம் எங்க போகுது?" என்று அவரிடமே கேட்டார். "அதான்க்கா மருந்தோட வேலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் போன ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தது. பிரியாணி ஓடிக்கொண்டிருக்கிற நேரம். முதலில் கிச்சன் தரை ஜாலியில் தண்ணீர் இறங்கவில்லை. அப்புறம் மேலே ஏற ஆரம்பித்தது. கறுப்புத் தண்ணீர், மேலே வெள்ளைத் திட்டுத்திட்டாகக் கொழுப்பு. பக்கத்துத் தையல் கடை வாசல் வரைக்கும் போய்விட்டது. தையல்காரர் தைத்து வைத்திருந்த துணிகளை அவசர அவசரமாக மேலே தூக்கிப் போட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை எழுப்பி, காசு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். என் மனைவி கைகூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நின்றாள். கடையைச் சாத்தினோம்.

அடைப்பெடுக்கும் லாரி வந்து அழுத்தத்தில் தண்ணீர் அடித்தபோது பைப்பிலிருந்து வெளியே வந்தது கல் மாதிரிக் கெட்டியான வெள்ளைக் கட்டிகள். கொழுப்பு, தண்ணீரிலும் சிமென்ட்டிலும் இருக்கிற கால்சியத்தோடு சேர்ந்து சோப்பாகி இறுகிவிடுமாம். லண்டனில் 2017இல் ஒயிட்சேப்பல் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் இப்படிச் சேர்ந்ததைப் பல வாரம் உடைத்து எடுத்தார்கள். அந்த என்சைம் கொழுப்பைத் தின்னவே இல்லை. இளக்கித் தள்ளிவிட்டிருக்கிறது, பைப்பில் குளிர்ந்ததும் மறுபடி இறுகியிருக்கிறது. பெட்டி சுத்தமாக இருந்ததுதான் ஆபத்தின் அடையாளம். வேலை செய்கிற ட்ராப்பைத் திறந்தால் நாற வேண்டும், மேலே ஆடை கட்டி நிற்க வேண்டும்.

சரி, விற்றவருக்குப் போன் செய்தோம். "அண்ணே, நீங்க சுடுதண்ணி ஊத்தியிருப்பீங்க." பிரியாணி அண்டாவைப் பச்சைத் தண்ணீரில் யார் கழுவுவார்கள்? "ஸ்டாஃப்புக்குப் பயிற்சி குடுக்கல நீங்க." அடுத்து, "வாரன்டி வெல்டிங் விட்டாத்தான்." தகட்டின் போட்டோவை அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. கடைசியாக எடுத்தபோது அவர் சொன்னதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "ரெண்டாயிரம் தனியா குடுங்கண்ணே, ஒரு ஆளை மேன்ஹோல்ல இறக்கி எடுத்துத் தரேன்." பாதுகாப்புக் கவசம் இல்லாமல் மனிதனைச் சாக்கடையில் இறக்குவதை 2013ஆம் வருடச் சட்டம் தடை செய்திருக்கிறது. உள்ளே இருக்கிற விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். எத்தனை பேரை நம் ஊரிலேயே இழந்திருக்கிறோம்! எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

தளத்தின் கஸ்டமர் கேரில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். "வாங்குபவரும் விற்பவரும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும், நாங்கள் அறிமுகம் மட்டும்தான் செய்கிறோம்" என்றார்கள். அப்படியென்றால் அந்த முத்திரை எதற்கு? "ஜிஎஸ்டி எண்ணும் முகவரியும் சரிபார்த்தோம் சார், பொருளை அல்ல." புகாரை முடித்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்ற கேள்வியோடு. மேலே பேசினால், நீங்கள் வியாபாரத்துக்கு வாங்கியவர், நுகர்வோர் கிடையாது என்றார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்காக மட்டும் வாங்குகிறவருக்கு விலக்கு இருக்கிறது, அவரும் நுகர்வோர்தான். நானும் என் மனைவியும் அடுப்படியில் நிற்கிற கடை இது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். 86,500 ரூபாயை அப்படியே விட்டுவிடப் போவதில்லை. லாரிச் செலவும், சாத்தின நாட்களின் வியாபாரமும் அதற்கு மேல்.

வாங்குவது எப்படி என்று விவரமாக எழுத நினைத்தேன். இப்போது அதற்கு நேரம் இல்லை, அவசரத்துக்குச் சிலது மட்டும் சொல்கிறேன். பெட்டியின் கொள்ளளவைச் சொன்னால் ஏற்காதீர்கள், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தாங்கும் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். மாட்டுவதற்கு முன் மூடியைத் திறந்து, வெளியேறும் பக்கத்துத் தகட்டில் வழி அடியில் இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். காந்தத்தை நம்பாதீர்கள், சொட்டுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் நாளைக் காலையில் சிங்க் திறப்பதற்கு முன்னால் மூடியைத் திறங்கள். தண்ணீர் வருகிற பக்கம் கொழுப்புக் கட்டியிருக்க வேண்டும், போகிற பக்கம் அநேகமாக ஒன்றும் இருக்கக்கூடாது. கொழுப்பும் அடி வண்டலும் சேர்ந்து ஆழத்தில் கால் பங்கு வந்துவிட்டால் அள்ளிவிட வேண்டும். பரோட்டாக் கடைக்கு மாதம் ஒரு தடவை என்பது நடக்காத காரியம், வாரா வாரம் பாருங்கள். அள்ள வேண்டாம் என்று சொல்லி எதையாவது ஊற்ற வருபவனைக் கிச்சனுக்குள் விடாதீர்கள். பொரித்து மிஞ்சிய எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாமல் தனியாக டின்னில் பிடித்து, அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுங்கள். வருடப் பராமரிப்புக்கு மொத்தமாக முன்பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இதே மாதிரித் தகடு தலைகீழாக வைத்த பெட்டி யாரிடமாவது இருந்தால் பில்லோடு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம். பிளம்பர் வந்து நிற்கிறார், பெட்டியைக் கழற்றப் போகிறோம்.