“ஆர்.ஓ.எச்.எஸ். சான்றிதழ் இருக்கிறது” என்றால் நம்பிவிடாதீர்கள்: விளக்கு இறக்குமதியாளர்களுக்கு எச்சரிக்கை

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விளக்குகளை வரவழைக்கிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஆர்.ஓ.எச்.எஸ். என்பது மின், மின்னணுப் பொருட்களில் ஈயம், பாதரசம் போன்ற நச்சுப் பொருட்களைக் கட்டுப்படுத்தும் ஒன்றியச் சட்டம். எல்.இ.டி. பேனலும், டி8 என்ற ஃப்ளோரசன்ட் டியூபும் கலந்த சரக்கு ஒன்று. விற்றவர் கொடுத்தது தங்க நிற ஓரம் போட்ட ‘ஆர்.ஓ.எச்.எஸ். சான்றிதழ்’ ஒரு பக்கம், ஆய்வக அறிக்கை நான்கு பக்கம். வாங்கியவர் அதை நம்பிப் பணம் முழுவதையும் அனுப்பிவிட்டார். பிறகு வரிவரியாகப் பார்த்தால் ஒரு தாள்கூடத் தேறவில்லை.

முதலில் அந்தச் சான்றிதழ். 2011/65/இ.யூ. உத்தரவின்படி அரசு தரும் ‘ஆர்.ஓ.எச்.எஸ். சான்றிதழ்’ என்று ஒன்று கிடையவே கிடையாது. உற்பத்தியாளர் தொழில்நுட்பக் கோப்பு தயாரித்து, தன் பொறுப்பில் கையெழுத்திடும் இணக்க உறுதிமொழிதான் செல்லும். அது இந்தத் தாள்களில் இல்லை.

அடுத்தது டியூப். “மூன்றாம் இணைப்பு, விலக்கு 2(ஏ)(3), பாதரசம் 3.5 மில்லிகிராம் வரை அனுமதி” என்று எழுதியிருந்தது. விலக்கு என்பது சட்டத்தின் மூன்றாம் இணைப்பு சில பயன்பாடுகளுக்குத் தரும் காலவரம்புள்ள சலுகை. எண்ணும் அளவும் சரிதான். காலம்தான் போய்விட்டது. சாதாரண வெளிச்சத்துக்கான டி5, டி8 டியூப்களின் விலக்கு 2023 ஆகஸ்ட் 24-இல் முடிந்தது, சி.எஃப்.எல். விளக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அதற்கும் ஆறு மாதம் முன்பே, பிப்ரவரி 24-இல். கேட்டால் “2022-இல் செய்த பழைய ஸ்டாக்” என்று பதில் வரும். பலரும் ஏமாறுவது இங்கேதான். செய்த தேதி கணக்கில் வராது. ஒவ்வொரு டியூபும் ஒன்றியச் சந்தையில் முதன்முதலாக எப்போது வந்தது என்பதுதான் கணக்கு. கெடுவுக்கு முன்பே ஒன்றியச் சந்தைக்கு வந்துவிட்டதைத் தொடர்ந்து விற்கலாம். வெளிநாட்டுக் குடோனில் கிடந்ததை இனி உள்ளே கொண்டுவர முடியாது.

பேனலில் நடந்தது இதைவிட மோசம். அறிக்கையில் மாதிரி என்ற இடத்தில் ‘முழு விளக்கு’ என்றிருந்தது. ஈயத்துக்கான வரம்பு எடையில் 0.1 சதவீதம். ஆனால் அது ஒருபடித்தான ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக, அதாவது திருகிக் கழற்றியோ வெட்டியோ அரைத்தோ மேலும் பிரிக்க முடியாத பொருளுக்கு. மொத்தமாகக் கலந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 900 கிராம் பேனலில் 37 சதவீத ஈயம் உள்ள பழைய வகை சால்டர் (பாகங்களை ஒட்டும் பற்றாசு) 2 கிராம் இருந்தால் ஈயம் 0.74 கிராம். 900-ஆல் வகுத்தால் 0.082 சதவீதம், ‘பாஸ்’. அதே சால்டரைத் தனியே சுரண்டி எடுத்து அளந்தால் வரம்பைப்போல் 370 மடங்கு.

அந்தச் சால்டருக்கும் ஒரு விலக்கு எண் போட்டிருந்தார்கள்: 7(ஏ). அது அதிக வெப்பத்தில் உருகும், ஈயம் 85 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள சால்டருக்கானது. 183 டிகிரியில் உருகும் 63/37 (வெள்ளீயம்/ஈயம்) சால்டருக்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை. பித்தளைக்கான 6(சி)-யும் அப்படித்தான், செம்புக் கலவையில் 4 சதவீதம் வரைக்கும்தான் ஈயம்.

ஒயரை அந்த ஆய்வகம் சரியாகத் தொடவே இல்லை. பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் நான்கு தாலேட்டு வேதிப்பொருள்கள் 2019 ஜூலை 22 முதல் விளக்குகளுக்கும் கட்டுப்பாட்டில் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் 0.1 சதவீதம். பி.வி.சி. ஒயரை வளையவைக்க அந்த நான்கில் ஒன்றான டி.இ.எச்.பி. சேர்த்திருந்தால் அது பத்து, இருபது சதவீதம் என்ற கணக்கில் இருக்கும். எக்ஸ்-கதிர் செலுத்திச் சோதிக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவி தனிமங்களை மட்டுமே காட்டும், தாலேட்டைக் காட்டாது, அதற்குச் சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காணும் ஜி.சி.-எம்.எஸ். சோதனை வேண்டும். குரோமியம், புரோமின் இரண்டிலும் அந்தக் கருவி தருவது மொத்த அளவு மட்டுமே. தடைசெய்த ஆறு இணைதிறன் குரோமியமா, தடைசெய்த புரோமின் தீத்தடுப்பானா என்று பிரித்துச் சொல்லாது. மஞ்சள் பூச்சுத் திருகு இருந்தால் ஆறு இணைதிறன் குரோமியத்துக்குத் தனிச் சோதனை கேளுங்கள்.

ஆர்டருக்கு முன்பே பாகப் பட்டியல் வாங்குங்கள். அதில் சால்டர், ஒயர் உறை, திருகு, டிரைவர் போர்டு, பிளாஸ்டிக் சட்டம் ஒவ்வொன்றுக்கும் எதிரே சோதனை எண் இருக்க வேண்டும். சோதனை முறை ஐ.இ.சி. 62321 என்ற பன்னாட்டுத் தர வரிசையா என்று பாருங்கள். அறிக்கையின் புகைப்படத்தில் உள்ள போர்டையும் உங்கள் கையில் உள்ள போர்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒயரின் நிறமே மாறியிருப்பது உண்டு. விலக்கு எண் எதைக் காட்டினாலும் மூன்றாம் இணைப்பின் கடைசித் திருத்தத்தோடு ஒப்பிட்டு, எந்தப் பொருளுக்கு, எந்தப் பயன்பாட்டுக்கு, எந்தத் தேதி வரை என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயரில் லேபிள் ஒட்டி விற்றால் சட்டம் உங்களையே உற்பத்தியாளராகக் கொள்ளும். கோப்பும் உறுதிமொழியும் உங்கள் தலையில் விழும். இறக்குமதியாளராக மட்டும் இருந்தாலும் இணக்க உறுதிமொழியின் நகலை 10 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சரக்கு வந்த அன்றே ஒரு பேனலைப் பிரித்து, 20 சென்டிமீட்டர் ஒயரையும் ஒரு போர்டையும் நீங்கள் தேர்ந்த ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை மீதிப் பணத்தை நிறுத்திவைக்கலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.