ஆன் ஆகும்போதே ரீஸ்டார்ட்: ஒரு பழைய டெஸ்க்டாப்போடு இத்தனை வருஷம்

2013-ல் சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய டெஸ்க்டாப் இது. மூன்றாம் தலைமுறை கோர் ஐ3, எச்61 மதர்போர்டு, டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், கேபினெட்டோடு சேர்ந்தே வந்த எஸ்எம்பிஎஸ் (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி). தூத்துக்குடியில் வீட்டு முன்னறையில் வைத்துத் தட்டச்சும் புத்தக வடிவமைப்பும் செய்கிறேன். வேகத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, கேட்ட வேலையைச் செய்கிறது. எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. ஆன் செய்யும்போதே தானாக ரீஸ்டார்ட் ஆகும் கோளாறு இதில் வெவ்வேறு வருஷங்களில் வந்திருக்கிறது. வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். உள்ளே ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. பிரித்துக் காட்டியது ஒன்றே ஒன்று: எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பது.

முதலில் வந்தது 2017 வாக்கில். காலையில் பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றும், விளக்கு எரியும். திரையில் எதுவும் தெரிவதற்குள் டக்கென்று எல்லாம் நின்றுவிடும். ஓரிரு நொடியில் தானே மறுபடி சுற்றும், மறுபடி நிற்கும். இப்படிக் கொஞ்ச நேரம் ஆட்டம் காட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் ஏறிவிடும். ஏறிய பிறகு ராத்திரி வரை ஒரு குறையும் இருக்காது. ஒருவர் விண்டோஸை ஃபார்மேட் பண்ணச் சொன்னார். லோகோவே வராத இடத்தில் விண்டோஸுக்கு என்ன வேலை? ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஒரு எழுத்துகூட அப்போது படிக்கப்பட்டிருக்காது. அடுத்து வந்த தம்பி, "அண்ணாச்சி, போர்டு போயிட்டு. புதுசு போட்டுருங்க" என்றார். அவர் விலை சொல்லத் தொடங்கியதும், கொஞ்சம் பொறுத்துச் செய்யலாம் என்று அனுப்பிவிட்டேன்.

காலையில் மட்டும் அடம்பிடிப்பதுதான் இதில் பெரிய துப்பு. எஸ்எம்பிஎஸ் ஆன் ஆனதும் 12, 5, 3.3 வோல்ட் எல்லாம் நிலைக்கு வந்துவிட்டதா என்று தானே பார்த்துக்கொண்டு, சாம்பல் நிற ஒயர் வழியாக மதர்போர்டுக்கு 'சரி, ஆரம்பிக்கலாம்' என்று ஒரு சிக்னல் கொடுக்கும். பவர் குட் என்பார்கள். அரை நொடிக்குள் நடந்து முடியும் சங்கதி. அந்த சிக்னல் வராவிட்டாலோ, வந்து விழுந்துவிட்டாலோ, போர்டு பிராசஸரை ரீசெட்டில், அதாவது தொடங்கவிடாமல், பிடித்து வைத்துவிடும். இப்போது எஸ்எம்பிஎஸ் உள்ளே வோல்ட்டை ஏற்ற இறக்கமில்லாமல் வைத்திருக்கும் கெப்பாசிட்டர்களை நினைத்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்காகச் சூட்டில் கிடந்து உள்ளிருக்கும் திரவம் வற்றிப்போனால் அவற்றின் உள்தடை கூடிவிடும். குளிர்ந்திருக்கும்போது அது இன்னும் அதிகம், சூடேறினால் கொஞ்சம் இறங்கும். இரண்டு மூன்று தடவை முட்டிமோதிச் சூடான பிறகு ஓடிவிடுவதற்கு இதுதான் காரணம். ராத்திரி முழுக்க அணைந்து கிடந்தால் மறுநாள் காலையில் பழைய கதை.

மல்டிமீட்டரில் 12 வோல்ட் வரும் மஞ்சள் ஒயரைப் பிடித்துப் பார்த்தால் 12.1 என்று அழகாகக் காட்டியது. ஏடிஎக்ஸ் என்ற எஸ்எம்பிஎஸ் தர விதிப்படி 5 சதவீதம் மேலே கீழே போகலாம், அதாவது 11.4 முதல் 12.6 வரை சரி. ஆனால் சாதாரண மீட்டர் கண நேரச் சரிவைப் பிடிக்காது. அது காட்டும் நல்ல எண்ணை நம்பி எஸ்எம்பிஎஸ்ஸுக்கு நற்சான்றிதழ் கொடுக்க வேண்டாம். பக்கத்து வீட்டிலிருந்து நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி, 24 முள் இணைப்பையும் சிபியு பக்கத்து 4 முள் இணைப்பையும் மாற்றிச் செருகி, ராத்திரி அப்படியே விட்டுவிட்டுக் காலையில் ஆன் செய்தேன். முதல் அழுத்தலிலேயே ஏறியது. போர்டுக்கு ஒன்றுமில்லை.

பழையதைச் சாவகாசமாகப் பார்த்தபோது அதன் ஸ்டிக்கர் சிரிப்பூட்டியது. பெரிய எழுத்தில் 450 வாட். கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர். பெருக்கினால் 168 வாட். இந்தக் காலத்துக் கணினி பெரும்பாலும் இழுப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். கேபினெட்டோடு இலவசம்போல வரும் எஸ்எம்பிஎஸ்களில் இப்படித்தான் இருக்கும், வாங்கும்போது பொடி எழுத்தைப் படியுங்கள். கடைக்காரர் அதைத் திறந்து காட்டினார். இரண்டு கெப்பாசிட்டர்களின் தலை மேடாகி, வெட்டுக்குறி பிளந்து, பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. நீங்கள் வீட்டில் திறக்க வேண்டாம். 230 வோல்ட் உள்ளே நேர்மின்னோட்டமாக மாறும்போது 325 வோல்ட் வரை போகும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் சான்று உள்ளதாகப் பார்த்து வாங்கிப் போட்டேன். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

லோகோவுக்கு முன்னால் விழுவதற்கு இன்னொரு காரணம் ரேம். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது பழக்கமானது. உப்புக்காற்றில் ரேமின் தங்கப்பட்டைகள் மங்கிப்போகும். கழற்றி எழுதும் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, கிளிக் சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்தினால் பாதி நேரம் சரியாகிவிடும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். போர்டில் இருபது முப்பது ரூபாய் பஸ்ஸர் ஒன்றைச் செருகிவிடுங்கள், பீப் சத்தமே பல நேரம் சொல்லிவிடும். அப்புறம், ரீசெட் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டாலும் கணினி ஏறாமல் நிற்கலாம், இல்லை திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகலாம். முன்பக்கத்திலிருந்து வரும் அந்த மெல்லிய ஒயரைப் போர்டிலிருந்து உருவிப் பார்ப்பதற்குக் காசா பணமா?

இன்னொரு தடவை வந்தது முற்றிலும் வேறு. பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் போர்டின் சொந்த மென்பொருள்) ஒழுங்காக வந்தது, விண்டோஸ் 7 லோகோ மின்னியது, ஒரு நீலத் திரை கண்ணில் படுவதற்குள் மறைந்து, மறுபடி முதலிலிருந்து. இங்கே எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிக்க அவசரமில்லை. பிழை வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி விண்டோஸே அமைக்கப்பட்டிருக்கிறது. எஃப்8 அழுத்தி அந்த ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட்டை நிறுத்தியதும் நீலத் திரை அசையாமல் நின்றது. எண்ணின் கடைசியில் 7பி. தொடங்க வேண்டிய டிஸ்க்கை விண்டோஸால் அணுக முடியவில்லை என்று அர்த்தம். விண்டோஸ் 10-ல் எஃப்8 சாதாரணமாக வேலை செய்யாது. தொடக்கம் அடுத்தடுத்துத் தடைபட்டால் தானே வரும் பழுதுநீக்கும் திரையில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய், 9-வது தேர்வு.

டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டப் போனபோதுதான் பயாஸில் தேதி கண்ணில் பட்டது: பல வருஷம் பின்னால் போயிருந்தது. போர்டில் காசு வடிவில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தது. அது தீர்ந்ததும் பயாஸ் அமைப்புகள் போர்டு வாங்கியபோது இருந்த நிலைக்குத் திரும்பி, டிஸ்க்கோடு போர்டு பேசும் சாட்டா முறை ஏஎச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கு மாறியிருந்தது. விண்டோஸ் நிறுவப்பட்டது ஏஎச்சிஐ-யில், அதனால் டிஸ்க்கைத் தெரியாமல் விழித்தது. புதுப் பேட்டரி போட்டு, முறையைத் திருப்பி வைத்ததும் ஏறிவிட்டது. நம் வீடுகளில் வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடும் வழக்கம் உண்டு. சுவரில் கரண்ட் இருக்கும்வரை போர்டின் கடிகாரம் எஸ்எம்பிஎஸ்ஸின் 5 வோல்ட்டிலேயே ஓடும், அணைத்துவிட்டால் பாரம் முழுக்க அந்தச் சின்ன பேட்டரிக்கு. அதற்காக சுவிட்சை அணைக்காமல் விடச் சொல்லமாட்டேன். இடிமழைக் காலத்தில் அணைத்து வைப்பதே நல்லது, பேட்டரி ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும்.

விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று பார்த்தவுடன் எஸ்எம்பிஎஸ் வாங்க ஓடுபவர்கள் இருக்கிறார்கள். முறைப்படி அணைக்காமல் மறுபடி தொடங்கியது என்பதைத்தான் அந்தப் பதிவு சொல்கிறது, காரணத்தை அல்ல. அதற்குள்ளே பக்செக் எண் (நீலத் திரைப் பிழையின் எண்) பூஜ்யமாக இருந்தால் நீலத் திரை எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். அப்போது மின்சாரத்தையும், யுபிஎஸ் பேட்டரியையும் சந்தேகிக்கலாம்.

இன்றைய நிலவரம்: ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி, ரேம் 8 ஜிபி. இந்த பிராசஸர் விண்டோஸ் 11 ஏற்கும் பிராசஸர்களின் பட்டியலில் இல்லை. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்ததால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுவிட்டேன். தமிழ்த் தட்டச்சுக்குத் தடையில்லை. பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ், பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அடுத்து மாற்ற வேண்டியது சிபியு விசிறி, சத்தம் போட ஆரம்பித்திருக்கிறது.