மெனோர்காவா, எலிஃபண்டாவா, கீழடியா: கோடைத் தொல்லியல் பயிற்சிக்கு எங்கே போகலாம்?

மும்பையில் வரலாறோ பண்டைய இந்தியப் பண்பாடோ படிக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகள் பிப்ரவரி பிறந்தாலே கேட்பது ஒன்றுதான்: கோடையில் களப்பயிற்சிக்கு எங்கே போவது? மத்தியதரைக் கடல் தீவொன்றில் பணம் கட்டிச் சேரும் களப்பள்ளிக்கா? கேட்வே ஆஃப் இந்தியாவில் படகேறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் எலிஃபண்டா குகைத் தீவுக்கும், நாம் குடியிருக்கும் சால்செட் தீவின் குகைகளுக்குமா? இல்லை, ஊர்ப்பக்கம் போய்க் கீழடிக்கா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளங்கலை மாணவர் என்றால் முதல் கோடையை மும்பையிலேயே செலவிடுங்கள். எம்.ஏ. முடிக்கப் போகிறவருக்கு என் பதில் வேறு.

மெனோர்காவை எடுத்துக்கொள்வோம். ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் ஒன்று. கி.மு. 123இல் ரோமானியர் பிடித்த தீவு. வடகரையில் சனிசேரா என்ற ரோமானிய ஊரின் எச்சங்கள் இருக்கின்றன. அங்கே பல நாட்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் களப்பள்ளியும் உண்டு. தீவின் இன்னும் பழைய கல் கட்டுமானங்களை 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இப்படிப்பட்ட களப்பள்ளியில் கிடைப்பது குழிக்குள் இறங்கும் வாய்ப்பு. மண்ணின் நிறம் மாறும் இடத்தில் கையை நிறுத்துவது, ஒவ்வொரு அடுக்குக்கும் தனி எண் கொடுத்துத் தாளில் எழுதுவது, மாலையில் பானை ஓடுகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவி நிழலில் காயவைத்து எண் எழுதுவது என்று எல்லாவற்றையும் கையாலேயே செய்து பழகலாம். இந்தப் பழக்கத்தைப் படித்துப் பெற முடியாது.

ஆனால் செலவு லேசானதல்ல. கட்டணம், விமானம், விசா, காப்பீடு எல்லாம் சேர்ந்தால் கணக்கு லட்சங்களில் போகும். ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; கடைசி நேரத்தில் ஓடினால் சந்திப்பு நேரமே கிடைக்காமல் போகலாம். தாராவியிலும் செம்பூரிலும் நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். தொல்லியலில்தான் வாழ்க்கை என்று முடிவாகாத ஒரு பிள்ளைக்காக அந்த வீடு கடன் வாங்க வேண்டாம்.

அடுத்தது நம் தீவுகள். எலிஃபண்டாவில் தோண்ட வாய்ப்புக் கிடைக்கும் என்று நம்பி யாரும் கிளம்பாதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடத்தில் மத்தியத் தொல்லியல் துறையின் உரிமம் இல்லாமல் யாரும் மண்வெட்டி வைக்க முடியாது. அங்கே மாணவர் செய்யக்கூடியது பார்ப்பது, அளப்பது, வரைவது. அது குறைவான வேலை இல்லை. பயணிகள் எல்லோரும் ஆறு மீட்டர் உயர சதாசிவன் சிற்பத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கிழக்குக் குன்றில் பௌத்த ஸ்தூபம் இருப்பதோ, கரையோரத்தில் வெளிநாட்டு ஜாடிகளின் ஓடுகள் கிடைத்திருப்பதோ பலருக்குத் தெரியாது.

சால்செட் இன்னும் வளமான களம். பாந்த்ராவிலிருந்து தஹிசர் வரை நாம் லோக்கல் ரயிலில் கடக்கும் நிலம் அது. கான்ஹேரியில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட குகைகள், பிராமிக் கல்வெட்டுகள், 11ஆம் நூற்றாண்டில் பார்சிகள் பொறித்த பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்துகள். சில ஆண்டுகளுக்கு முன் மும்பைப் பல்கலைக்கழகம் சார்பில் நடந்த கள ஆய்வில், கான்ஹேரியைச் சுற்றியுள்ள காட்டிலேயே அதுவரை பதிவாகாத ஏழு குகைகள் தெரியவந்தன. இவ்வளவு பெரிய நகரத்துக்குள் அப்படி நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. போரிவலி அருகே எக்சரில் குடியிருப்புகளுக்கு நடுவே நிற்கும் வீரக்கற்களையும் போய்ப் பாருங்கள். தருமபுரி, தேனிப் பக்கத்து நடுகற்களைப் படித்த நமக்கு அந்தக் கற்கள் அந்நியமாகவே தெரியாது. ஒரே வித்தியாசம், இங்கே வீரன் ஆநிரைக்காகச் சண்டையிடவில்லை. துடுப்புகள் வரிசையாக நீட்டிய கப்பல்களில் கடற்போர் நடக்கிறது.

காலம் குறுகியது என்பதுதான் சிக்கல். பல்கலைக்கழகத் தேர்வு முடிந்து ஜூன் மழை வருவதற்குள் இருக்கும் சில வாரங்கள்தான். மழை வந்தால் புல் மூடிவிடும், தரையில் ஓடு கண்ணில் படாது. மே வெயில் கொடுமைதான், ஆனால் மேற்பரப்பு ஆய்வுக்கு அதுவே ஏற்ற மாதம். கிடைக்கும் ஓட்டைப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. படம், அளவு, ஜிபிஎஸ் குறிப்பு எடுத்துவிட்டு இருந்த இடத்திலேயே விட வேண்டும். அப்புறம், தெருவில் பழகிய நம் மராத்தி இங்கே பெரிய சொத்து. எந்தக் கோயிலுக்குப் பின்னால் எந்தப் பழங்கல் கிடக்கிறது என்பதைக் கோலிவாடா என்ற மீனவர் குடியிருப்புகளின் பாட்டிகளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

கீழடி தீவு இல்லை. ஆனாலும் இந்த வரிசையில் வைக்கிறேன், காரணம் மொழி. ஆதன் என்ற பெயரைத் தமிழியில், அதாவது பழந்தமிழ் பிராமி எழுத்தில், கீறிய ஓடு குழியிலிருந்து வெளியே வந்தால் அங்கேயே படித்துவிடலாம். பல பருவம் வேலை செய்த உள்ளூர் அக்காக்களும் அண்ணன்களும் மண் மாறுவதை மண்வெட்டிச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் தமிழில் கேட்டுக் கற்கலாம். மாநிலத் துறையின் பருவம் பெரும்பாலும் பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையே தொடங்கி செப்டம்பர் வரை போகும். துறைத் தலைவரின் கடிதத்தோடு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். இடம் உறுதியில்லை என்பதுதான் குறை.

சரி, எம்.ஏ. மாணவருக்கு ஏன் மெனோர்கா? இந்தியாவின் மேற்குக் கரையில் ரோமானிய ஆம்போரா (மதுவும் எண்ணெயும் ஏற்றிவந்த இரு கைப்பிடி ஜாடி) என்று முன்பு எழுதிவைத்த ஓடுகளில் பல, உண்மையில் மெசபடோமியாவிலிருந்து வந்த நீள ஜாடிகள் என்று பின்னர் தெரிந்தது. அந்த ஜாடிகளின் உட்புறத்தில் கறுப்பாகத் தார் பூசியிருக்கும். இத்தாலிய ஜாடியிலோ வெசுவியஸ் வட்டாரத்து எரிமலை மணல் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். இங்கே அரிதாகக் கிடைக்கும் ஆம்போரா, சனிசேரா போன்ற ரோமானியத் துறைமுகம் ஒன்றில் வாளி வாளியாகக் கிடைக்கும். அங்கே கை பழகியவர் திரும்பிவந்து எலிஃபண்டா ஓடுகளையும், தமிழகக் கரையின் பழந்துறைமுகங்களான அழகன்குளம், அரிக்கமேடு ஓடுகளையும் பார்த்தால் அந்தப் பார்வைக்கு மதிப்பு அதிகம். சால்செட்டில் நடந்து கண் பழகாமல் நேரே அங்கே போகிறவருக்கு எந்த ஓட்டைத் தேடுகிறோம் என்பதே புரியாது.

பணம் கட்டுவதற்கு முன் களப்பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஒரு குழிக்கு எத்தனை மாணவர், அடுக்குத் தாளை மாணவரே எழுதுவாரா, ஓடு வரைய எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் தரும் மதிப்பெண்ணை உங்கள் கல்லூரி ஏற்குமா என்று இங்கேயும் விசாரியுங்கள். களப்பள்ளியிடம் கேட்ட மூன்று கேள்விக்கும் தெளிவான பதில் வராவிட்டால் அந்த ஆண்டு கட்ட வேண்டாம்.