ஃபிளானல் குயில்ட் தலையணை உறை: மூன்று குளிர்காலம் கழித்து

குன்னூரில் மார்கழி வந்துவிட்டால் பாப்ளின் தலையணையில் கன்னத்தை வைத்ததும் ஈரத்துணியில் படுத்தது போல இருக்கும். அதனால்தான் மூன்று வருடத்துக்கு முன்னால், நேர்த்தையலைத் தவிர வேறெதுவும் தெரியாத நிலையில், ஃபிளானலில் (மேற்பரப்பு மெத்தென்று ரோமம் போல இருக்கும் துணி) ஒரு குயில்ட் உறை, அதாவது இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துக் கோடு கோடாகத் தைக்கும் உறை, தைக்க உட்கார்ந்தேன். இதுவரை இரண்டு தைத்திருக்கிறேன். முதல் உறை ஒரே சலவையோடு முடிந்தது, இரண்டாவது இன்றைக்கும் தலைக்கடியில் இருக்கிறது. துணியும் ஒன்றுதான், மிஷினும் ஒன்றுதான். வெட்டுவதற்கு முன் துவைத்தேனா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

முதல் உறைக்குக் கடையிலிருந்து வந்த கையோடு கத்தரியை எடுத்துவிட்டேன். மேலே ஃபிளானல், நடுவில் மெல்லிய பாலியஸ்டர் பஞ்சு ஷீட், அடியில் பழைய காட்டன் புடவை, எல்லாம் 17க்கு 27 அங்குலத் தலையணைக்குக் கச்சிதமாக. முதல் சலவையில் ஃபிளானல் மட்டும் சுருங்கியது, பல வருடம் துவைத்த புடவை அப்படியே நின்றது, தையல் கோடுகளுக்கு நடுவே அடித்துணி பை பையாகத் தொங்க, இலவம்பஞ்சுத் தலையணை உள்ளே நுழையவே இல்லை. தெருமுனை டெய்லர் அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, துவைக்காமலா வெட்டின?" என்று மட்டும் கேட்டார்.

மீதித் துணியை வெந்நீரில் ஊறவைத்துக் காயப்போட்டு அளந்தேன். ஒரு மீட்டராக இருந்தது 95 சென்டிமீட்டராகிவிட்டது.

அடுத்த சிக்கல், ஃபிளானல் இழுத்தால் நீளும். துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷின் கால், மேலடுக்குத் துணியை முன்னே தள்ளிக்கொண்டே போக, கடைசியில் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் துணி குவிந்து நிற்கும். மேல் துணியையும் அடித்துணியையும் ஒன்றாக நகர்த்தும் கால், அதாவது வாக்கிங் ஃபுட், இருந்தால் இந்தப் பாடு குறையும். என் மிதி மிஷினுக்கு அது இல்லை, அதனால் மூன்று அடுக்கையும் கையால் நீள நீளமாக நூலோட்டிப் பிடித்துக்கொண்டேன், காலின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தினேன், 16ஆம் நம்பர் ஊசி போட்டுத் தையலைச் சற்று நீளமாக வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடாகத் தைத்தேன். சுருக்கம் விழவில்லை. ஓரத்துக்குத் தாராளமாக அரை அங்குலம் விடுங்கள், தளர்ந்த நெசவு என்பதால் பிசிறு விட்டுக்கொண்டே இருக்கும். பின்பக்கத்துக்கு ஜிப் வேண்டாம், இரண்டு துண்டுகள் நான்கு அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றால் போதும்.

அப்புறம் பாபின் கேஸ், அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் கூடு. ஒரு உறை முடிப்பதற்குள் இரண்டு முறை கழற்றினேன், ஒவ்வொரு முறையும் துணியை நகர்த்தும் பல்லின் இடுக்கில் சாம்பல் நிறத்தில் பஞ்சுத்தூசி அடை போல ஒட்டியிருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் சத்தம் குறைந்தது.

தினசரிப் பயன்பாட்டில் எனக்கு இருக்கும் குறை இரண்டு. தலை உரசும் இடத்தில் குட்டிக் குட்டி உருண்டைகள் வந்துவிட்டன, தேங்காய் எண்ணெய்க் கறையும் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுத் தேய்த்தால்தான் போகிறது. ஐப்பசி மழையில் காய இரண்டு நாள் பிடிக்கும், அதற்காகவே இன்னொரு உறை கைவசம் வேண்டும். சூட்டில் மட்டும் குறையே சொல்ல முடியாது, படுத்த நிமிடத்தில் கன்னம் கதகதப்பாகிவிடுகிறது.

அந்த இன்னொரு உறைக்கான துணி, வெட்டாமல் முழுசாக, இப்போது கொடியில் காய்கிறது. இந்த முறை ஒரு பக்கம் ஃபிளானல், மறுபக்கம் பாப்ளின், சித்திரையில் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.