பச்சை கேப்சூலும் ஆன்டிஆக்ஸிடன்ட் அட்டையும்: புற்றுநோய் வராமல் இருக்க வாங்கலாமா?

மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே பலரும் கேட்டு வாங்கும் வைட்டமின்களில் நான்கு வகையை இங்கே எடுத்துக்கொள்கிறோம்: வைட்டமின் ஈ பச்சை கேப்சூல், ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்று போட்டிருக்கும் கேப்சூல், வைட்டமின் டி சாஷே, தினம் ஒன்று போடும் மல்டிவைட்டமின். ரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்து டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்துக்கு இந்த விமர்சனம் பொருந்தாது. ‘புற்றுநோய் கிட்டே வராதாம்’ என்று யாரோ சொல்லி வாங்குகிறவர்களுக்குத்தான் இது.

முதலில் பச்சை கேப்சூல். முகத்துக்கும் முடிக்கும் ஊசியால் குத்திப் பிழிகிறார்களே, அதேதான். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘டோகோஃபெரில் அசிடேட் 400 மி.கி.’ என்று இருக்கும். செயற்கை வகை அசிடேட்டில் 1 மி.கி. என்பது 1 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு). ஆகவே ஒரு கேப்சூலில் 400 ஐ.யு. அமெரிக்கா, கனடா, புவேர்ட்டோ ரிக்கோவில் 35,533 ஆண்களை வைத்து நடந்த ‘செலக்ட்’ ஆய்வில் தினமும் கொடுத்த வைட்டமின் ஈயும் இதே வகை, இதே அளவு. ஆண்களுக்கு மட்டுமே உள்ள ப்ராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய் குறையுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். பலன் ஒன்றும் தெரியவில்லை என்று 2008-இல் மாத்திரையை நிறுத்தினார்கள். பிறகும் அவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்ட பிரிவில் ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதல் என்று 2011-இல் தெரியவந்தது. நிறுத்திய மாத்திரை நிறுத்தியதோடு போய்விடவில்லை.

இத்தனைக்கும் அந்த நம்பிக்கை காற்றில் வந்ததல்ல. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த முந்தைய ஆய்வில் தினம் 50 மி.கி. கொடுத்தபோது ப்ராஸ்டேட் புற்றுநோய் குறைந்திருந்தது. அடுத்த ஆய்வு அதை எட்டு மடங்காக்கிப் பார்த்தது. நம் கடையில் கிடைப்பதும் அந்த எட்டு மடங்குதான். தோலில் தடவுவதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஐம்பதைத் தாண்டிய ஆண் ‘உடம்புக்கு நல்லது’ என்று தினமும் விழுங்குவதற்கு எங்கள் மதிப்பீடு: வாங்க வேண்டாம்.

ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்சூல் இதைவிடச் சிக்கல். இதில் பீட்டா கரோட்டின், துத்தநாகம், செலினியம், மாங்கனீஸ், செம்பு என்று பட்டியல் நீளும். பீட்டா கரோட்டின் வரியை மட்டும் விரல் வைத்துப் படியுங்கள். மேலே சொன்ன அதே ஃபின்லாந்து ஆய்வில் 50 முதல் 69 வயது வரையிலான 29,133 பேர் இருந்தார்கள். தினம் 20 மி.கி. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது; 1994-இல் முடிவு வெளியானது. அமெரிக்காவின் ‘கேரட்’ ஆய்வில் (பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்!) புகைபிடிப்பவர்கள், விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என 18,314 பேர். 30 மி.கி. பீட்டா கரோட்டினோடு 25,000 ஐ.யு. வைட்டமின் ஏ-யும் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் மரணம் 17 சதவீதமும் கூடியதால், குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பே, 1996 ஜனவரியில் கைவிட்டார்கள்.

கேரட் தின்றால் நல்லது, அதன் சத்து மட்டும் எப்படிக் கெடுக்கும்? புகையேறிய நுரையீரலில் மிதமிஞ்சிய பீட்டா கரோட்டின் சிதைந்து வேறு பொருள்களாக மாறுகிறது. செல் அடங்கி வளரச் சொல்லும் வைட்டமின் ஏ சமிக்ஞையை அவை குலைக்கின்றன. ஃபெரட் என்னும் கீரி போன்ற விலங்குகளைப் புகையில் வைத்துப் பார்த்தபோது இப்படித்தான் தெரிந்தது. புகைபிடிக்காதவர்களே பெரும்பான்மையாக இருந்த அமெரிக்க ஆண் மருத்துவர்கள் 22,071 பேரிடம், ஒருநாள் விட்டு ஒருநாள் 50 மி.கி. என்று 12 ஆண்டு கொடுத்ததில் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை.

சில அட்டைகளில் ‘பீட்டா கரோட்டின் 30% டிஸ்பர்ஷன் 10 மி.கி.’ என்று இருக்கும். அந்த 10 மி.கி. கலவையின் எடை என்றால் உள்ளே இருப்பது 3 மி.கி.தான், கரோட்டினின் எடை என்றால் முழு 10. அச்சடித்த வரியை வைத்து எது என்று சொல்ல முடியாது. இப்படி எழுதுவதற்கே மதிப்பெண் குறைக்கலாம். பீடி, சிகரெட் பிடிப்பவரும், விட்டு சில வருடமே ஆனவரும் இந்த வரி இருக்கும் எந்த அட்டையையும் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. விழித்திரையின் நடுப்பகுதி (மாக்குலா) தேய்வதற்குக் கண் மருத்துவர் எழுதும் கேப்சூலிலும் பழைய கலவையில் 15 மி.கி. பீட்டா கரோட்டின் உண்டு. புதிய கலவையில் அதற்குப் பதில் லூட்டின் 10 மி.கி., ஸியாசாந்தின் 2 மி.கி. ‘அது இல்ல சார், இதுவும் அதேதான்’ என்று கடையில் மாற்றிக் கொடுத்தால், பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

சீனாவின் லின்சியன் பகுதியில் மட்டும் கதை வேறு. பீட்டா கரோட்டின் 15 மி.கி., வைட்டமின் ஈ 30 மி.கி., செலினியம் 50 மைக்ரோகிராம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்ததில் வயிற்றுப் புற்றுநோய் மரணம் குறைந்தது. அங்கே மக்களுக்கு இந்தச் சத்துகளில் பற்றாக்குறை இருந்தது. காலிப் பானையில் ஊற்றுவதும் நிரம்பிய பானையில் ஊற்றுவதும் ஒன்றல்ல.

வைட்டமின் டி: 25,871 பேரிடம் தினம் 2,000 ஐ.யு. கொடுத்துப் பார்த்த ‘வைட்டல்’ ஆய்வில் புதிதாகப் புற்றுநோய் வருவது குறையவில்லை. நம்மூர் சாஷே 60,000 ஐ.யு., வாரம் ஒன்று. அதைத் தினமும் பாலில் கலந்து குடிப்பவர்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி, தாகம், வாந்தி, மலச்சிக்கல் என்று தொடங்கி சிறுநீரகத்தில் போய் முடியும்.

மல்டிவைட்டமின்தான் நான்கில் சாது. 14,641 ஆண் மருத்துவர்களிடம் ஏறக்குறைய 11 ஆண்டு நடந்த ஆய்வில், இதைச் சாப்பிட்ட பிரிவில் மொத்தப் புற்றுநோய் 8 சதவீதம் குறைந்தது. பின்னர் பெண்களையும் சேர்த்து நடந்த ‘காஸ்மோஸ்’ ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. கெடுதல் இல்லை, எதிர்பார்க்கவும் பெரிதாக இல்லை. அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2022-இல் சொன்னதும் ஏறத்தாழ இதுதான்: பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் வேண்டாம், மல்டிவைட்டமினுக்குப் போதிய ஆதாரம் இல்லை.

கீமோ நடக்கும்போது மட்டும் சொந்த முடிவு கூடாது. கேப்சிடபின் மாத்திரை எடுப்பவர் கூடவே ஃபோலிக் ஆசிட் போட்டால் வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், கைகால் உரிவது எல்லாம் கடுமையாகலாம். மல்டிவைட்டமினிலும் ஃபோலிக் ஆசிட் இருக்கும். பெமெட்ரெக்ஸெட் ஊசி போடுபவருக்கோ நேர்மாறு: ஃபோலிக் ஆசிடும் பி12 ஊசியும் சிகிச்சையின் பகுதி, நிறுத்தினால் ரத்த அணுக்கள் சரியும். வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு புற்றுநோய் மருத்துவரின் மேசையில் கொட்டிவிடுங்கள். எது இருக்கலாம், எது கூடாது என்று அவரே பிரித்து வைக்கட்டும்.